இடப்பக்க வட்டம் ஏன் பெருத்தது? ஒரு சவாரிக்காரரின் 12 வாரம்

புகார் குதிரை மேல்தான் வந்தது. “இடது பக்கம் திரும்பவே மாட்டேங்குது சார். டிராட்ல பிச்சுக்கிட்டு ஓடுது. கேன்டர் கேட்டா தப்புக் கால்லயே கிளம்புது. வேற குதிரை குடுங்க.”

சொன்னவர் 34 வயதுப் பெண். பெருங்குடியில் வேலை, நாளில் ஒன்பது மணி நேரம் கணினி முன்னால் உட்காருபவர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு லாயத்தில், வாரம் ஒன்று என்ற கணக்கில் பத்து மாதத்தில் 40 வகுப்பு முடித்திருந்தார். நடை, டிராட் (துள்ளோட்டம்), கேன்டர் (தாவியோட்டம்) மூன்றும் ‘வரும்’. அடுத்து டிரஸாஜ், அதாவது குதிரையைக் குறித்த வடிவங்களில் சொன்னபடி நடத்தும் கலையைக் கற்றுக்கொண்டு, அசைவுக்கு அசைவு மதிப்பெண் போடும் ஒரு தொடக்கநிலை டெஸ்ட் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரஸாஜ் அணி தங்கம் வாங்கியபின், குதிரையேற்றத்தில் 41 ஆண்டு கழித்து வந்த தங்கம் அது, இந்த ஆசையோடு லாயங்களுக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் போட்டி வீடியோவில் கண்ணுக்குத் தெரிவது குதிரையின் கால்; அந்தக் காலை நடத்தும் சவாரிக்காரரின் இடுப்பு அவர் உடுப்புக்குள் மறைந்திருக்கிறது.

குதிரை 11 வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), விதை நீக்கிய ஆண். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சவாரிப் பள்ளிக்கு வந்தது. உயரம் 15.3 கை. இந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல: 15 கையும் மூன்று அங்குலமும் என்று பொருள். ஒரு கை நான்கு அங்குலம் என்பதால் மொத்தம் 63 அங்குலம், 160 சென்டிமீட்டர். எடை சுமார் 440 கிலோ. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இதற்கு 88 கிலோ. சவாரிக்காரர் 66, சேணம் 9, ஹெல்மெட்டும் பூட்ஸும் சேர்த்து 3, ஆக 78. சுமையில் சிக்கல் இல்லை.

முதலில் குதிரைக்கு வலி இருக்கிறதா

சவாரிக்காரரைத் திருத்தத் தொடங்கும் முன் இதைப் பார்க்காமல் விட்டால், வலிக்குக் காரணம் தெரியாமல் ஒரு மிருகத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கால்நடை மருத்துவர் பல், முதுகு, கால் மூன்றையும் பார்த்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூராகிக் கன்னத்தில் உரசியிருந்தது, அராவி விட்டார். பல்லை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், இங்கே அது தவறியிருந்தது. குளம்பு ஒழுங்காக இருந்தது. லாடம் அடித்து நான்கு வாரம். முதுகில் விரலை அழுத்தி ஓட்டியபோது, சேணத்தின் பின்பகுதி உட்காரும் இடத்தில் வலப்பக்கம் மட்டும் தசை சிலிர்த்தது.

அந்த வலப்பக்கம்தான் முதல் துப்பு. அரை மணி நேர வகுப்பு முடிந்து அவர் இறங்குமுன் பின்னாலிருந்து பார்த்தபோது, சேணம் முதுகெலும்புக் கோட்டிலிருந்து இரண்டு விரல் அளவு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் வலது பஞ்சணையில் கம்பளி அமுங்கிக் கெட்டியாகியிருந்தது. சேணம் வளைந்ததால் அவர் வளைந்தாரா, அவர் வளைந்ததால் சேணம் வளைந்ததா? அந்த நிலையில் சொல்ல முடியவில்லை. கம்பளி பிரித்துத் திணித்துச் சமப்படுத்தப்பட்டது.

அடுத்து ஸ்டிரப் வார், அதாவது கால்மிதி தொங்கும் தோல்பட்டை. இரண்டையும் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, ஒரே எண் ஓட்டையில் மாட்டி அளந்தபோது இடது வார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் கூடுதல். எல்லோரும் இடப்பக்கம்தான் ஏறுகிறோம்; ஏறும்போது முழு எடையும் இடது வாரில் தொங்குகிறது; தோல் நீள்கிறது. இதற்கு மருந்து சுலபம்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடதையும் வலதையும் மாற்றி மாட்டுவது, தரையிலிருந்து ஏறாமல் முக்காலி மேல் நின்று ஏறுவது. ஓட்டை எண் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீளும் தோலின் ஓட்டை எண்ணை அளவுகோலாக நம்பக்கூடாது.

இவ்வளவும் சரி செய்தபின் ஆள் மாற்றிச் சோதனை. பயிற்சியாளர் அதே குதிரையில், அதே சேணத்தில் ஏறினார். இடது வட்டம் ஓரளவு உருண்டையாக வந்தது, இடது கேன்டரும் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. பிறகு மாணவியை வேறொரு குதிரையில் ஏற்றினார்கள். அது பந்தயமே ஓடாத, சோம்பலான மட்டக்குதிரை. அதிலும் இடது வட்டம் பெருத்தது. குதிரை மாறியும் குறை மாறவில்லை என்றால் குறை யாரோடு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. “வேற குதிரை குடுங்க” என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்த இருபது நிமிடச் சோதனையைச் செய்து காட்டலாம். வாதத்தில் போகும் நேரம் மிச்சம்.

வட்டத்தை அளந்த விதம்

மைதானம் 20க்கு 40 மீட்டர். நடுவில் ஒரு முளை அடித்து, 10 மீட்டர் கயிறு கட்டி, கோலமாவால் 20 மீட்டர் வட்டம் போடப்பட்டது. ஓடுபாதை மணலை வாரி சமப்படுத்திவிட்டு, குதிரையை நான்கு சுற்று விட்டு, குளம்புத் தடத்தை அளந்தார்கள். வலப்பக்கச் சுற்றில் தடம் கோட்டுக்கு உள்ளே ஒரு மீட்டர் வரை விழுந்தது. இடப்பக்கச் சுற்றில், சுவர் இல்லாத பக்கத்தில், கோட்டுக்கு வெளியே இரண்டரை மீட்டர் போயிற்று. இரண்டு குறையும் ஒரே திசை: குதிரை எப்போதும் வலப்பக்கம் வழிகிறது.

கூடவே ஒரு புரிதல் பிழையும் பிடிபட்டது. மைதான ஓரத்தில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் இருக்கும். குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள ஏ எழுத்திலிருந்து தொடங்கும் 20 மீட்டர் வட்டத்தில், நீளச் சுவரிலுள்ள கே, எஃப் எழுத்துகளைத் தொட்டுப் போக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அந்த எழுத்துகள் மூலையிலிருந்து ஆறு மீட்டரில் இருக்கின்றன. வட்டம் நீளச் சுவரைத் தொடும் இடமோ மூலையிலிருந்து பத்தாவது மீட்டர், அதாவது எழுத்தைத் தாண்டி நான்கு மீட்டர். கே-யைத் தொட்டு ஓட்டினால் மூலைக்குள் நுழைந்து வரும் வடிவம் முட்டையாகத்தான் இருக்கும். பாதிப் பேர் வட்டத்தைக் கெடுப்பது கையாலோ காலாலோ அல்ல, இந்தக் கணக்கால்.

சவாரிக்காரரின் சட்டை முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராக ஒரு வெள்ளை டேப், தோளுக்குக் குறுக்கே ஒன்று, பெல்ட் மேல் ஒன்று. பின்னாலிருந்து செல்போனில் எடுத்த வீடியோவை நிறுத்திப் பார்த்தால் போதும். இடது விலாவுக்கும் இடுப்புக்கும் இடையில் சட்டை மடிந்திருந்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் இடப்பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது, திரும்புவதற்கு உதவுகிறோம் என்றே நினைத்திருந்தார். ஆனால் இடது இடுப்பு மடிந்தால் பிட்டம் வலப்பக்கம் தள்ளிப் போகும். எடை முழுதும் வலது உட்காரும் எலும்பில். குதிரை தன் முதுகில் இருக்கும் எடைக்கு அடியில் போய் நிற்கப் பார்க்கும். தலையில் குடத்தைச் சுமப்பவர் குடம் சாயும் பக்கம் ஓரடி எடுத்து வைப்பதுபோல. ஆகவே அது வலப்பக்கம் போயிற்று. சொல்பேச்சு கேட்காததல்ல, கேட்டதைச் செய்தது.

நீண்டுபோன இடது வார் இதை மோசமாக்கியது. எழுந்து உட்காரும் டிராட்டில் இடது கால் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்ததால், உதைத்து எழும் வேலையை வலது கால் எடுத்துக்கொண்டது. வலது ஸ்டிரப்பில் விழுந்த ஒவ்வொரு மிதியும் சேணத்தை வலப்பக்கம் இழுத்தது. நிமிடத்துக்கு 80-க்கு மேல் எழுந்து உட்காரும்போது, பத்து நிமிட டிராட்டில் அது 800 இழுப்பு.

டிராட்டில் ஓடியதற்குக் காரணம் வேறு, அது முழங்காலில் இருந்தது. பயத்தில் முழங்காலைச் சேணத்தோடு இறுக்கினால் அது கீல் ஆகிவிடும்: கீழ்க்கால் பின்னால் போகும், மேலுடல் முன்னால் கவிழும், கவிழும் உடலைப் பிடிக்க வேறு எதுவும் இல்லாததால் கை கடிவாள வாரைப் பிடித்துக்கொள்ளும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அவரும் முயன்றார். ஆனால் குதிகாலைக் கீழே அழுத்துவது, மார்பை நிமிர்த்துவது என்று கோட்டின் ஓரங்களைத் திருத்தினாரே தவிர, முழங்கால் இறுகியிருக்கும்வரை கோடு அமையாது.

பந்தயக் குதிரை வாயில் இழுப்பு வந்தால் என்ன செய்யும்? அதைச் சாய்மானமாக எடுத்துக்கொண்டு ஓடும். அப்படித்தான் அது பழக்கப்பட்டிருக்கிறது. இழுக்க இழுக்க வேகம் கூடும், வேகம் கூடக் கூட முழங்கால் இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் முரட்டுக் குதிரை. ஆரம்பத்தில் அதன் டிராட் நிமிடத்துக்கு 88 அடிச்சுற்று (நான்கு காலும் ஒருமுறை எடுத்து வைப்பது ஒரு சுற்று). பயிற்சியாளர் ஏறியபோது 78.

கடிவாளத்தை வாங்கி வைத்துவிட்டார்கள்

ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கியது. முதல் நான்கு வாரம் லன்ஜ் மட்டும். லாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘காலைல லன்ஜா’ என்று சிரிப்பது வழக்கம். சாப்பாடு அல்ல, நீளக் கயிற்றில் குதிரையைப் பயிற்சியாளர் தன்னைச் சுற்றி ஓட்ட, மேலே உட்கார்ந்திருப்பவர் உட்காருவதை மட்டும் கற்பது. வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிய மாணவர்கள் இன்றும் மாதக்கணக்கில் இப்படித்தான், ஸ்டிரப்பும் கடிவாளமும் இல்லாமல், கயிற்றில் சுற்றுகிறார்கள். 40 வகுப்பு முடித்தவரிடம் திரும்பக் கயிற்றுக்கு வா என்றால் கௌரவம் இடிக்கும். இவருக்கும் இடித்தது.

ஏற்பாடு இது. கயிறு எட்டு மீட்டர், வட்டம் 16 மீட்டர் விட்டம். அதைவிடச் சிறிதானால் குதிரையின் மூட்டுக்குக் கேடு, சவாரிக்காரர் வெளியே தூக்கியெறியப்படுவதுபோல் உணர்வார். ஆள் ஏறுவதற்கு முன் இரு பக்கமும் ஐந்து ஐந்து நிமிடம் குதிரையை வெறுமனே சுற்றவிடுவது. கொழுப்பு இருந்தால் அங்கேயே கரையட்டும். பக்கவார் (கடிவாளத்திலிருந்து சேணத்துக்குப் போகும் வார்) இரண்டும் சம நீளம், மூக்கு செங்குத்துக்குச் சற்று முன்னே இருக்கும்படி தளர்வாக, உடல் சூடேறியபின்தான் மாட்டுவது. கடிவாள வாரை முறுக்கித் தொண்டை வாரில் செருகிவிட்டார்கள். சேணத்தின் முன்வளையங்களில் ஒரு பிடிவார், கழுத்தில் பழைய ஸ்டிரப் வார் ஒன்று. சவாரி நேரம் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றம். வாரம் மூன்று நாள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரத்தைவிட மூன்று முறை இருபது நிமிடம் உடலில் தங்கும்.

முதல் பயிற்சி முழங்காலைத் திறப்பது. குதிரை நடக்கும்போது இரண்டு தொடைகளையும் சேணத்திலிருந்து ஓரங்குலம் பக்கவாட்டில் விலக்கி, மூன்று விநாடி வைத்து, விடுவது. விட்டதும் கால் தன் எடையில் கீழே விழும். அந்த நீளம்தான் காலின் உண்மையான நீளம். ஒரு பக்கத்துக்கு எட்டு முறை. இடுப்பு மூட்டு தசை பிடித்துக்கொண்டு இழுக்கும். நாற்காலி வேலைக்காரர்களுக்குக் கூடுதலாக இழுக்கும். பிடிக்கும்போது நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி.

இரண்டாவது, பின்னங்காலை இருக்கையால் கேட்பது. இந்தப் பயிற்சியை விரிவாகச் சொல்ல வேண்டும், மற்ற எல்லாம் இதன் மேல் நிற்கிறது. குதிரை நடையில் இருக்கிறது. சவாரிக்காரர் கண்ணை மூடிக்கொள்கிறார், ஒரு கை பிடிவாரில். குதிரையின் இடது பின்னங்கால் தரையை விட்டு முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் ஆடும்; இடப்பக்கம் இடம் காலியாவதால் சவாரிக்காரரின் இடது இடுப்பு லேசாகக் கீழே இறங்கும். அடுத்த கணம் வலது. அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “இடது... வலது... இடது...” பயிற்சியாளர் கீழிருந்து காலைப் பார்த்துச் சரியா தப்பா என்பார். முதல் நாள் பத்துக்கு ஐந்து, அதாவது குருட்டாம்போக்கு. வலது இறக்கம் தெரிகிறது, இடது தெரியவே இல்லை. இடது எலும்பு சேணத்தில் இருந்தால்தானே தெரியும்.

அன்று உதவியது பக்கத்தில் நின்ற சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) சொன்ன வார்த்தை. “மேடம், லெஃப்ட் பாக்கெட்ல சாவிக்கொத்து இருக்குன்னு நினைச்சுக்குங்க. அது சேணத்துல அமுங்கணும்.” அவர் “சரிண்ணா” என்று சொல்லி, இடது கையை உச்சந்தலைக்கு மேல் தூக்கினார், மடிந்த விலா பிரிந்தது, எலும்பு கீழே வந்தது. அதற்குப்பின் பத்துக்கு எட்டு. பத்து மாதமாக ‘இடப்பக்கம் உட்காருங்க’ என்று கேட்டிருந்தவர், அதற்காகத் தோளை இடப்பக்கம் சாய்த்து நோயைக் கூட்டிக்கொண்டிருந்தார். உடலுக்குத் திசை சொல்வதைவிட ஓர் இடத்தைச் சொல்வது பலிக்கிறது. அந்த வாரம் முழுதும் இடது வட்டத்தில் இடது கை மேலே, வலது கை பிடிவாரில்.

காலால் குதிரைக்குச் சைகை கொடுக்கும் நேரமும் இதிலிருந்தே கிடைக்கிறது. இடது இடுப்பு இறங்கும் கணத்தில் இடது பின்னங்கால் காற்றில் இருக்கிறது. அந்தக் கணத்தில் இடது கெண்டைக்கால் தொட்டால் குதிரை இன்னும் சற்று முன்னே எடுத்து வைக்க முடியும். கால் தரையில் ஊன்றியிருக்கும்போது உதைத்தால் அதனால் எதுவும் செய்ய முடியாது. ‘காலுக்குச் செத்த குதிரை’ என்ற பட்டம்தான் மிஞ்சும்.

தவறிப்போன இரண்டாவது வாரம்

எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. நடையில் உட்கார்வது சீக்கிரம் திருந்தியதைப் பார்த்து, இரண்டாவது வாரமே ஸ்டிரப்பைக் கழற்றி எழாமல் உட்காரும் டிராட் கொடுத்துவிட்டார் பயிற்சியாளர். ஆறு நிமிடத்தில் தொடை உள்பக்கம் தோல் உரிந்தது, முழங்கால் பழையபடி இறுகியது, பிட்டம் சேணத்தில் அடித்துக்கொண்டது. குதிரை முதுகைக் குழித்துத் தலையைத் தூக்கியது. வலியில் முதுகைக் குழிக்கும் குதிரை மேல் யாராலும் மென்மையாக உட்கார முடியாது. ஒன்றை ஒன்று கெடுக்கும். நான்கு நாள் குதிரைக்கு ஓய்வு, அவருக்கும்.

பின்னோக்கிப் பார்த்தால் பிழை வரிசையில் இருந்தது. உட்காரும் டிராட் எழுந்து உட்காரும் டிராட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வர வேண்டும்: எட்டு அடி எழுந்து, மூன்று அடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து. துள்ளத் தொடங்குமுன் எழுந்துவிட வேண்டும். பன்னிரண்டு வார முடிவில்கூட அவர் தொடர்ந்து உட்கார்ந்தது அரைச் சுற்றுதான், அது போதுமானது.

மூன்றாம் வாரத்தில் எந்தக் காலில் எழுவது என்ற கணக்கும் சரிசெய்யப்பட்டது. இடது சுற்றில் குதிரையின் வலது தோள் முன்னே போகும்போது எழ வேண்டும், அது பின்னே வரும்போது உட்கார வேண்டும். அவர் இரண்டு திசையிலும் இடது தோளோடுதான் எழுந்துகொண்டிருந்தார். வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் ஊன்றும்போதுதான் எப்போதும் எடை விழுந்தது. முதுகின் வலப்பக்கம் சிலிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். தவறினால் இரண்டு அடி உட்கார்ந்து எழுந்தால் மாறிவிடும்.

வெயிலும் வேர்வையும்

சென்னையில் குதிரைக்கு எதிரி வெயில் மட்டுமல்ல, காற்றிலுள்ள ஈரம். குதிரை உடலைக் குளிர்விப்பது வேர்வை ஆவியாவதால். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துபோகிறது. லாயங்களில் ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டு. 150-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180-ஐ நெருங்கினால் வேலையே வேண்டாம். ஆகஸ்டில் காலை ஆறு மணிக்கே 27 டிகிரி, அதாவது 81 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 85. கூட்டினால் 166. விடியற்காலை என்பதால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. எனவே டிராட் ஒருமுறைக்கு மூன்று நான்கு நிமிடம், நடுவில் தளர்ந்த நடை. முடித்து பத்து நிமிடத்தில் இதயத்துடிப்பு 60-க்குக் கீழே வராவிட்டால் அடுத்த வகுப்பு குறைக்கப்பட்டது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது. குடிக்கக் கேட்டால் கொடுப்பது. தீவனத்தில் நாளுக்கு 30 முதல் 50 கிராம் உப்பு.

கையைத் திருப்பிக் கொடுத்தல்

ஐந்தாம் வாரம் கடிவாள வார் திரும்பக் கிடைத்தது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வார், மேலே கட்டைவிரல் பூட்டு, இரு கைக்கும் இடையில் பத்து சென்டிமீட்டர், முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை ஒரே நேர்கோடு. எவ்வளவு பிடி? அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை விரல் நுனியில் தொங்கவிட்டால் தெரியும் கனம், அதைத் தாண்ட வேண்டியதில்லை. கனத்தைவிட முக்கியம் அது மாறாமல் இருப்பது. இறுகித் தளர்ந்து இறுகும் பிடியைவிடச் சற்றே கனமான நிலையான பிடியைக் குதிரை பொறுத்துக்கொள்ளும்.

இங்கே பெரும்பாலோர் தவறுவது முழங்கையில். நடையிலும் கேன்டரிலும் குதிரையின் தலை முன்னும் பின்னும் ஆடும், கை அதோடு போய்வர வேண்டும். டிராட்டில் தலை அசைவதில்லை; ஆனால் எழுந்து உட்காரும் சவாரிக்காரர் அசைகிறார். உடல் மேலே போகும்போது முழங்கை திறக்காவிட்டால் கையும் மேலே போகும், ஒவ்வொரு எழுச்சிக்கும் வாயில் ஒரு சுண்டு. சுண்டுவிரலைக் குதிரையின் கழுத்துவாரில் கோத்துக்கொண்டு எழச் சொன்னார்கள். கை அசைய முடியாதபோது முழங்கை தானாகத் திறந்தது. மூன்று நாளில் குதிரையின் டிராட் 88-லிருந்து 82-க்கு இறங்கியது, ஒருமுறைகூட இழுக்காமல்.

பிறகு நடை-நிற்பு-நடை, டிராட்-நடை-டிராட் என்று மாற்றங்கள்; ஒரு வகுப்பில் முப்பதுக்குக் குறையாமல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஒரு ஹாஃப் ஹால்ட்: முதுகு நிமிர்ந்து, மூச்சு வெளியே போக, இருக்கை ஒரு கணம் அசைவை நிறுத்த, வெளிப்பக்க வாரை விரல் மூடி, ஒரு விநாடிக்குள் திறப்பது. திறப்பதை மறந்தால் அது ஹாஃப் ஹால்ட் இல்லை, பழைய இழுப்பு. நிற்கச் சொல்லி நாலடி தாண்டியே நின்ற குதிரை எட்டாம் வாரத்தில் ஓரடிக்குள் நின்றது. டிரஸாஜ் பயிற்சி ஏணியில் தாளம், தளர்வு, தொடர்பு, உந்துவிசை, நேராக இருத்தல், ஒடுக்கம் (உடலைத் திரட்டி நடத்துவது) என்று ஆறு படி சொல்வார்கள். இவரும் குதிரையும் இப்போது இரண்டாம் படியில், மூன்றாவதை எட்டிப் பார்க்கும் நிலை. குறுக்கு நடை, முள் பூட்ஸ், இரட்டைக் கடிவாளம் எல்லாம் இன்னும் நெடுந்தூரம்.

ஒன்பதாம் வாரம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர், ஒன்பது நாள் சவாரி இல்லை. திரும்பி வந்தபோது குதிரை லாயத்தில் நின்று நின்று துள்ளியது, அவருடைய முழங்காலும் பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஆனால் இந்த முறை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: “கீல் போட்டுட்டேன்.” இரண்டு லன்ஜ் வகுப்பில் சரியாயிற்று.

இடது கேன்டர்

இடது கேன்டரில் குதிரை முதலில் ஊன்றுவது வலது பின்னங்கால். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து. கடைசியாக இடது முன்னங்கால். இடது சுற்றில் வலது முன்னங்கால் கடைசியாக வந்தால் அதுதான் தப்புக் கால். சவாரிக்காரர் கேட்க வேண்டியது: எடை இடது எலும்பில், இடது கால் வயிற்றுவார் அருகே, வலது கால் அதற்கு ஒரு சாண் பின்னால். அவர் காலை எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் கேட்கும் கணத்தில், குதிரை எந்தக் காலில் கிளம்புகிறது என்று பார்க்க இடப்பக்கம் குனிந்தார். குனிந்ததும் விலா மடிந்து எடை வலப்பக்கம். கால் இடது என்றது, இருக்கை வலது என்றது. குதிரை இருக்கையை நம்பியது.

பத்தாம் வாரம் கொடுத்த விதிகள் மூன்றே. மூலைக்குள் நுழையும்போது மூன்று அடி உட்காரு. கேட்கும்போது வலப்பக்கச் சுவருக்கு மேலே தெரியும் சவுக்கு மரத்தின் உச்சியைப் பார், குனிய முடியாது. தப்புக் காலில் கிளம்பினால் திட்டாமல், அவசரப்படாமல் டிராட்டுக்கு வந்து, தாளம் 80-க்குள் வந்தபின் மறுபடி கேள். ஓடிக்கொண்டே கிளம்பும் கேன்டரை ஏற்காதே. முதல் நாள் பத்து முயற்சியில் நான்கு சரி, வாரக் கடைசியில் எட்டு.

பன்னிரண்டாம் வாரம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, 20க்கு 40 மைதானத்தில் மாதிரி டெஸ்ட். மதிப்பெண் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு. இடது வட்டம் 6.5, வலது வட்டம் 6, தளர்ந்த நடை 7, இடது கேன்டர் கிளம்பியது 6, மைதானத்தின் நடுப்புள்ளியான எக்ஸில் நிற்பு 5, ஒரு பின்னங்கால் பின்தங்கியதால். மொத்தம் 61 சதவீதம். குளம்புத் தடத்தை மறுபடி அளந்தபோது இடது வட்டம் கோட்டுக்கு வெளியே அரை மீட்டர். சேணம் நகரவில்லை. முதுகின் வலப்பக்கம் விரலுக்குச் சிலிர்க்கவில்லை. டிராட் 78.

மீதமிருப்பது ஒன்று. வகுப்பு தொடங்கி 25 நிமிடம் ஆனதும் சட்டையின் இடப்பக்கம் மறுபடி மடிகிறது, டேப் காட்டிக்கொடுக்கிறது. களைப்பில் உடல் பழைய வழிக்குப் போகிறது. அதனால் இடது கேன்டர் இப்போது வகுப்பின் கடைசியில் இல்லை, சூடேறியதும் முதலில். அதற்குப்பின் ஸ்டிரப்பைக் கழற்றி நடை, இடது கை உச்சந்தலையில். வார்களை மாற்றி மாட்டும் தேதி லாயச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது.